சாமுண்டீஸ்வரியை ரயிலேற்றி அனுப்பிய படம்

அந்தப் படத்தின் கடைசி இருபது நிமிடத்தை எடுத்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, இடுப்பளவு எடுத்து, நாலு இஞ்ச் குறைத்துத் தைத்த கால்சட்டையை மாட்டிவிட்டு மே மாத வெயிலில் நடக்கவிட வேண்டும். அதுதான் என் விமர்சனம். மற்றபடி படம் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. முழுக்க மட்டமாக இருந்திருந்தால் பாதியில் எழுந்து போய் பஜ்ஜி தின்றிருப்பேன். இரண்டு மணி நேரம் சிரிக்கவைத்துவிட்டு, சோற்றின் கடைசி உருண்டையில் பல்லியைப் போட்ட மாதிரி முடித்துவிட்டார்கள்.

நான் சொல்ல வந்தது படத்தைப் பற்றி இல்லை. அந்தப் படம் யார் கதையை வைத்து எடுக்கப்பட்டதோ, அந்த சாமுண்டீஸ்வரியைப் பற்றி. என் கடையில் இருபத்தேழு வருடமாகக் கட்டிங் மேஜையில் நிற்பவள். இந்தப் படம் அவளை அந்த மேஜையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடப் பார்த்தது. கிட்டத்தட்ட அனுப்பியும்விட்டது.

என்னைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் நான். பெயர் சம்பந்தம். செம்பாக்கத்தில் ஏரித் தண்ணீரில் கீரை போட்டுப் பிழைத்த குடும்பம். ஐந்தாம் வகுப்பை நான் முடிக்கவில்லை, ஐந்தாம் வகுப்புதான் என்னை முடித்துவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கால்மிஷினை வாங்கி, மிஷினைத் தலையிலும் இரும்பு ஸ்டாண்டைத் தோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு தாம்பரம் வரைக்கும் நடந்தே வந்தவன் நான். இன்றைக்கு மேற்குத் தாம்பரத்தில் பதினான்கு பவர் மிஷின், பத்தொன்பது ஆட்கள், பதினொரு பள்ளிக்கூடங்கள். எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னை வெளியே போடா என்றாரோ, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இன்று என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

சாமுண்டீஸ்வரி வந்தது பட்டன் தைக்க. தாம்பரத்தை ஒட்டிய கடப்பேரிக்காரி. புருஷன் லாரி கிளீனர், ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. இடுப்பில் நாலு வயதுப் பையன் குமரேசன். இரண்டு வருடம் பட்டன் தைத்தாள். ஒரு மே மாதம், அறுநூறு பாவாடை வெட்டாமல் கிடக்கும்போது, கட்டிங் மாஸ்டர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். "நான் வெட்றேண்ணா" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனவள், இதுவரை அந்த இடத்தை யாருக்கும் விட்டதில்லை.

அவள் வெட்டுகிற விதம் வேறு. நாற்பது துணியை அடுக்கி சாக்பீஸால் கோடு போடுவதற்கு முன்னால், அளவுச் சீட்டை முழுக்கப் படிப்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் அளவெடுப்பது என் வேலை. நான் எழுதிக்கொண்டு வரும் சீட்டில் பெயரும் எண்ணும்தான் இருக்கும். அந்த எண்களை வைத்தே, பார்த்திராத பிள்ளைகளை அவள் தெரிந்துவைத்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு இடுப்பு போன வருடம் இருபத்தாறு, இந்த வருடமும் இருபத்தாறு, வீட்டில் சரியாகச் சாப்பாடு இல்லை போலிருக்கிறது என்பாள். இவன் தோள் ஏறிவிட்டது, கிரிக்கெட்டுக்குப் போகிறான் என்பாள். முக்கால்வாசி சரியாக இருக்கும்.

இனி நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு விஷயம். பிப்ரவரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கப் போனேன். அன்றைக்கு அங்கே ஆண்டு விழா ஒத்திகை. ஒரே இரைச்சல். தலைமை ஆசிரியை சுந்தரவல்லி, சீக்கிரம் முடியுங்கள் என்று விரட்டினார். இருநூற்றுப் பத்துப் பெண் பிள்ளைகளை இரண்டு மணி நேரத்தில் அளந்து தள்ளினேன். அந்த வேகத்தில் அளக்க இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டேன்.

சாமுண்டீஸ்வரி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாண்ணா இது, இந்த ஸ்கூல்ல எல்லா பொண்ணுங்களும் ஒரே வருசத்துல பத்து வருசத்து சோத்த துன்னுட்டாங்களா?"

"அளக்குறது என் வேலை, வெட்டுறது உன் வேலை. வெட்டு" என்றேன்.

வெட்டினாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, பிரார்த்தனையில் இருநூற்றுப் பத்துப் பெண்களும் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை கூப்பினால் பாவாடை இறங்கிவிடும். போன் வந்தது. ஆறு மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளி மேடையிலேயே போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக நிற்கவைத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தோம். என் ஆட்கள் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே தைத்தார்கள். பிள்ளைகள் அதை இன்னொரு ஆண்டு விழா என்று நினைத்துக்கொண்டன.

என் முன்னால் நின்ற ஒரு பெண், மூன்றாம் வகுப்பு, என்னை அடையாளம் கண்டுகொண்டு சொன்னது: "அங்கிள், நீங்க அன்னிக்கு அளந்தப்போ நான் உள்ள மயிலு."

புரிந்துவிட்டது. ஒத்திகைக்குக் கூப்பிட்டதும் ஓட வேண்டும் என்று, அத்தனையும் நாட்டிய உடுப்பை உள்ளே போட்டு, மேலே யூனிஃபார்மை மாட்டியிருந்திருக்கின்றன. நான் மயிலுக்கும் சேர்த்து அளந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சுந்தரவல்லி டீச்சர் கேட்டபோது, கட்டிங்கில் கொஞ்சம் பிசகிவிட்டது என்றேன். சாமுண்டீஸ்வரி பக்கத்தில்தான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அது காதில் விழுந்தும் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். வேலை விஷயத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது.

இது இத்தோடு போயிருக்கும். ஸ்ரீவத்சன் வந்தான். சேலையூர்ப் பக்கம் காலனியில் வீடு. ஒரு காலத்தில் என் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு படித்த பையன், இப்போது சினிமா டைரக்டர். வேலை செய்கிற இடத்தைப் பற்றி மனசுக்கு இதமாக ஒரு காமெடிப் படம் எடுக்கிறேன் சார், உங்கள் கடைதான் கதை என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதம் டீ வாங்கிக் கொடுத்து, மிஷினைத் தலையில் சுமந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். இருநூற்றுப் பத்துப் பாவாடை கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் கேட்டான்: "சார், பட், மிஸ்டேக் யாரோடது?"

நாற்பது வருடம் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுத் திரிந்தவன் நான். என் வாய் என்ன சொல்லும்? சாமுண்டிதான், பாவம், வயதாகிறதில்லையா என்றேன். அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

போன வருடம் படம் வந்தது. என் ஆட்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துப் படம் காட்டினேன். சாமுண்டீஸ்வரி என் பக்கத்தில். சொன்னேனே, இரண்டு மணி நேரம் நல்ல படம். பட்டனுக்குக் காஜா எடுக்கிறவர்கள் பேசிக்கொள்வது, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின்காரனும் இஸ்திரிக்காரனும் மின்விசிறிக்காகச் சண்டை போடுவது, எல்லாம் எங்கள் கடையிலிருந்து அப்படியே. முதலாளி வேஷக்காரனுக்கு மட்டும் எதற்கென்றே தெரியாமல் மூக்குப்பொடி பழக்கம். நான் ஜென்மத்தில் பொடியைத் தொட்டதில்லை. போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். இடைவேளையில் சாமுண்டீஸ்வரி சமோசா தின்றுகொண்டே, அந்தப் பொண்ணு கத்தரியைச் சரியாகத்தான் பிடிக்கிறாள் என்று சான்றிதழ் கொடுத்தாள்.

பாவாடை காட்சி வந்தது. தியேட்டரே அதிர்ந்தது. பிறகு காரணத்தைக் காட்டினார்கள். கட்டிங் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. சீட்டில் இருபத்து மூன்று என்று இருப்பது அவளுக்கு இருபத்தெட்டாகத் தெரிகிறது. சாமுண்டீஸ்வரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் அந்த இருபது நிமிடம். அந்தம்மா தானாகவே, இனிமேல் நான் பாரம் என்கிறாள். தையல் தொழிலே அழிந்துகொண்டிருக்கிறதாம். பதினொரு பள்ளிக்கூடத்து ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிற என் கண்முன்னால் சொல்கிறான், அழிகிறதாம். முதலாளி கடையை விற்றுவிடுகிறான். அவள் கத்தரியை ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்து அவளுக்கே பரிசாகக் கொடுக்கிறான். எல்லோரும் கை தட்டுகிறார்கள். மழை பெய்கிறது. வயலின் வாசிக்கிறார்கள். அந்தம்மா தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போகிறாள், சிரித்துக்கொண்டே. கடை இருந்த இடத்தில் காபிக் கடை வருகிறது. அதன் சுவரில் அவளுடைய இஞ்ச் டேப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தூ.

என் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.  உழைக்கிற கையிலிருந்து கருவியைப் பிடுங்கிச் சுவரில் மாட்டிவிட்டு அதற்கு அழவும் வைக்கிறானே, இவன் எந்த வேலையைத்தான் செய்து பார்த்திருக்கிறான்?

சாமுண்டீஸ்வரி கேட்டாள்: "அந்தம்மா எந்த ஊருக்குண்ணா போறா?"

படத்தில் சொல்லவில்லை என்றேன்.

"எனக்கு ஏது ஊரு? நான் கடப்பேரில பொறந்தவ. தாம்பரத்துல ரயிலேறி நான் எங்க போயி எறங்குறது?"

வெளியே வந்தால் குமரேசன் நிற்கிறான். இப்போது முப்பது வயது தாண்டியவன், பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை, தீபா என்று நல்ல பெண்ணாகக் கட்டிக்கொண்டவன். முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. அந்த வாரமே என்னைத் தனியாகப் பார்க்க வந்தான். அம்மா இவ்வளவு வருடம் நின்றுகொண்டே வேலை செய்து என்னை வளர்த்தது எனக்கு உறைக்கவேயில்லை மாமா, கண் மங்கியது கூடத் தெரியவில்லை, கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன், படிக்கிற கண்ணாடி போதும் என்கிறார், எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றான். பிறகு நேராகக் கேட்டான்.

"மாமா, நிஜமாவே அம்மாதான் தப்பா வெட்டினாங்களா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், அப்படி ஓர் ஆட்டு. அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனான். 

வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. போதும், நின்றுவிடு என்று மகனும் மருமகளும். முடியாது என்று இவள். நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு வாரம் பார்த்தாள். வாய் விட்டுக் கேட்கவில்லை. சீட்டைப் படிப்பாள், வெட்டுவாள், போவாள். நான் என் மேஜையில் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, மே மாதம், கடையில் உயிர் போகிற வேலை. பதினோரு மணிக்கு அவள் டீ குடிக்கப் போனாள். மேஜையில் நாற்பது அடுக்கு நீலக்கட்டம் போட்ட துணி, கோடு போட்டுத் தயாராக இருந்தது. அவள் தலை மறைந்ததும் குமரேசன் இரண்டு பேரோடு வந்து, கடை வாசலில் பத்தடி ஃபிளெக்ஸ் கட்டினான். 'பணி நிறைவு பாராட்டு விழா'. ஒரு பக்கம் படத்தில் நடித்த அம்மா, பெரிதாக. மறுபக்கம் இவள், சிறிதாக. இவளுடைய ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். தெருவில் போன ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அஞ்சலி பேனர் என்று நினைத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துச் சுந்தரவல்லி டீச்சர் புது யூனிஃபார்முக்குத் துணி சாம்பிள் பார்க்க வந்தார். ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு, நல்லதுதான், கண் சரியில்லாமல் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்றார். தீபா மாலையும் சால்வையும் எடுத்துவைத்தாள். குமரேசன் மேஜையிலிருந்து கத்தரியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். கையில் பெட்டி. வெல்வெட்.

"மாமா, நீங்க உங்க கையாலேயே குடுக்கணும். படத்துல மாதிரி."

பெட்டியை என் கையில் திணித்துவிட்டான். தீபா போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். பதினான்கு மிஷினும் நின்றன. சாமுண்டீஸ்வரி டீ குடித்துவிட்டு வந்தாள். வாசலில் தன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து மேஜையைப் பார்த்தாள்.

"என் கத்தரி எங்க?"

 என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போய்விட்டது. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, புருஷனைத் தொலைத்துவிட்டு வேலை கேட்டு வந்த அன்றுகூட. ஆனால் கையை நீட்டினாள். நான் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கேடுகெட்ட இருபது நிமிடம் என் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது, பொடி போடுகிறவன் வேஷம் எனக்கு.

"குமரேசா, அளவெடுத்தது நான்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை.

"உங்கம்மா சீட்டுல இருந்த மாதிரிதான் வெட்டினா. சீட்டு எழுதினவன் நான். பசங்க உள்ள டான்ஸ் டிரெஸ் போட்டிருந்துச்சு, அதுக்கு மேலேயே அளந்துட்டேன். அப்பவே அவ கேட்டா. வாய மூடிக்கினு வெட்டுன்னேன். சினிமாக்காரன் கேட்டப்போ அவ மேல போட்டேன். நீ கேட்டப்பவும் தலைய ஆட்டினேன்."

ஓவர்லாக் மிஷின் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். தீபாவின் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுந்தரவல்லி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "மூணு வருஷமா நான் அந்தம்மாவைத்தான் திட்டிட்டு இருக்கேன், சம்பந்தம் சார்" என்றார். 'சார்' என்றபோது அவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

குமரேசன் அம்மாவைப் பார்த்தான். "அப்ப கண்ணு?"

"கண்ணு நல்லாத்தான்டா கீது. உங்க மாமா மூஞ்சி மொதக்கொண்டு தெளிவா தெரியுது."

சரி, கண் நன்றாக இருக்கட்டும், ஆனாலும் இத்தனை வருடம் நின்றது போதாதா என்று அவன் விடாமல் பேசினான். அதில் தப்பு சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பாசம். சினிமாக்காரன் அந்தப் பாசத்தைத்தான் தப்பான பக்கம் திருப்பிவிட்டான்.

"நின்னுகினு இருக்கறது எனக்கு பேஜாரு இல்ல" என்றாள் சாமுண்டீஸ்வரி. "வூட்ல குந்திகினு நான் இன்னாத்த வெட்றது? வெங்காயமா? நான் எப்ப நிக்கணும், எப்ப குந்தணும்னு நான் சொல்றேன். கேட்டு பேனர் அடி."

என் கையிலிருந்த பெட்டியைத் தானே திறந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். நாற்பது அடுக்கையும் இடது கையால் அழுத்திக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள்.  குமரேசன் ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு போனான். காலையில் அம்மாவைக் கொண்டுவந்து விடுகிறான், இன்றுவரை. கடைக்குள் மட்டும் வருவதில்லை. மாமா என்று கூப்பிடுவதும் குறைந்துவிட்டது.

ஸ்ரீவத்சனுக்குப் போன் செய்து, படத்தின் முடிவை மாற்று என்றேன். சார், ஆடியன்ஸ் அங்கதான் அழறாங்க என்றான். இப்போது படம் எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. கடையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கடைசிக் காட்சியில் அழுதுவிட்டோம் என்று என்னிடமே சொல்கிறார்கள். அந்தம்மா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்கிறார்கள், ஐந்தடி தூரத்தில் அவள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே. சொன்னாலும் நம்புவதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், மின்விசிறியை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, சாமுண்டீஸ்வரி என் மேஜைக்கு வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இனிமே அளவுக்கு நான் போறேண்ணா."

நாற்பது வருடமாக நான்தான் போகிறேன், பள்ளிக்கூடத்தில் என்னைத்தான் தெரியும், என் வேகம் உனக்கு வராது என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையை நீட்டியபடி நின்றாள். கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.

இந்தப் பிப்ரவரியில் பதினொரு பள்ளிக்கூடத்துக்கும் அவள்தான் அளவெடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் ஒரு கேள்வி கேட்கிறாள், உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று. நான் இரண்டு மணி நேரத்தில் முடித்ததை அவள் ஒன்றரை நாள் செய்கிறாள். மேஜை போட்டு உட்கார்ந்து சீட்டு எழுதுவது நான். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வகுப்பு முடிந்ததும், எழுதினதைத் திருப்பிப் படித்துக் காட்டச் சொல்கிறாள். பிள்ளைகள் முன்னாலேயே படிக்கிறேன்.